விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில்

அன்று நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. விண்ணப்பங்கள் தட்டிக்கொடுக்கும் என் கடையில், மேஜைக்கு எதிரே, வாடிக்கையாளர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், நீ அழைத்து வந்த நண்பன் தினேஷ் உட்கார்ந்திருந்தான். நீ கதவருகே நின்றுகொண்டிருந்தாய். மதியச் சாப்பாட்டுக்குக் கடையை அடைப்பதற்கு முன் ஒரு வருமானச் சான்று விண்ணப்பத்தை முடித்துவிடலாம் என்று நான் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அம்மா, உங்கள மாதிரி ஒரு யூசர் எங்களுக்கு வேற கெடையாதுங்க. நீங்க பேக்ஸ்பேஸே அடிக்கிறதில்ல. கடை தெறந்த கொஞ்ச நேரம் நாலஞ்சு தடவ அடிப்பீங்க, அப்புறம் சுத்தமா இல்லீங்க," என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அவன் காரைக்குடிக்கு வந்ததே அன்றுதான். நான் கடை திறக்கும் நேரத்தில் அவன் ரயிலில் இருந்தான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்கவில்லை. சிரித்தேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். பிறகு உன்னைப் பார்த்தேன். நீ ஆச்சரியப்படவில்லை. வெளியே போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதில் யாரோ தெரிந்தவர் போவதுபோல.

வேலையை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பிரவுசர் செய்யப் போகிறேன் என்று சொல்லத்தான் நீ அன்று வந்திருந்தாய். சொல்லிவிட்டு மறுநாள் சென்னைக்குக் கிளம்பிவிட்டாய். ரயிலடியில் நான் உன்னிடம் பேசியது தண்ணீர் பாட்டிலைப் பற்றியும், ஜன்னலோர இருக்கையைப் பற்றியும்தான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி என்னை முடித்துவைத்துவிடுவாய். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் உனக்கும் எனக்கும் வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, என்னைப் போலவே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரையோ நீ செய்த பொருளின் பெயரையோ எழுத மாட்டேன். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியவன் நீ.

என் சந்தேக புத்தி உனக்குப் புதிதில்லை. உன் காதுகுத்துக்கு வந்த பவுடர் டப்பாவைக்கூடத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உனக்குப் பூசினேன். நீ கல்லூரியில் சேர்ந்தபோது விடுதி விதிமுறைகளை முழுவதும் படித்து, அதில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டு வார்டனைச் சங்கடப்படுத்தினேன். "ஒங்கம்மா கோயில் சுண்டலையே எண்ணித்தான் வாங்கும்" என்று உன் அப்பா சொல்லிச் சிரிப்பார். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். நம் இருவரையும் அக்கா தம்பி என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படி எளிதாகப் பழகியதால் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேனோ அந்த வரிசையில் உன்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

நான் எப்படித் தட்டுகிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தட்டச்சு வகுப்புக்குப் போனேன். நீ தொட்டிலுக்குப் பழகும் முன்பே அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டாய், வகுப்பு முடிந்து மெஷின்கள் நின்றால்தான் அழுவாய். அங்கே சொல்லிக்கொடுத்த சார், "தாளப் பாரு ஆத்தா, விரலப் பாக்காத, விரலு வெக்கப்படும்" என்பார். அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை. இடதுபக்கம் வாடிக்கையாளர் கொண்டுவந்த காகிதம் இருக்கும். என் கண் அதிலேயே இருக்கும். விரல் தன்பாட்டுக்கு ஓடும். திரையை நான் ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் பார்ப்பேன். இந்தக் கடை வைத்த பிறகும், தமிழ் விண்ணப்பமோ ஆங்கில விண்ணப்பமோ, அப்படித்தான். காகிதத்தைப் பார்த்து, திரையைப் பார்க்காமல் வேலை செய்பவர்களுக்கென்றே சில விபத்துகள் உண்டு. அதில் ஒன்றிலிருந்துதான் உன் பொருளே பிறந்தது.

என் வலது மணிக்கட்டில் நரம்பு இழுத்துக்கொண்ட வருஷம் அது. டாக்டர் மௌஸையே தொடக்கூடாது என்றார். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். மௌஸ் இல்லாமல் கீபோர்டை மட்டும் வைத்து இணையத்தில் எல்லாம் செய்யும்படி ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதித் தந்தாய். ஏற்கெனவே இருக்கும் பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன நிரல் அது. ஒரு சாவியை அழுத்தினால் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஓர் எழுத்து முளைக்கும், அந்த எழுத்தைத் தட்டினால் அந்தப் பொத்தான் அமுங்கிவிடும். முதல் வாரம் எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் அரியக்குடியிலிருந்து ஓர் அம்மா மகளின் முதல் பட்டதாரிச் சான்றுக்காக வந்தார். நான் காகிதத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஏதோ அறிவிப்பு வந்து, எழுதும் கட்டத்திலிருந்து கர்சர் வெளியே விழுந்துவிட்டது. கட்டத்துக்கு வெளியே இருந்தால் உன் எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு சாவியும் ஒரு கட்டளை. நான் அந்தப் பெண்ணின் அப்பா பெயர், தாத்தா பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் கட்டளைகளாகத் தட்டியிருக்கிறேன். ஓர் எழுத்து பக்கத்தை மூடியது, ஓர் எழுத்து பழைய பக்கத்துக்குப் போனது. தலை நிமிர்ந்தபோது திரையில் அன்றைய தங்க விலை இருந்தது.

"என்னக்கா, எம் மகளுக்குச் சான்று கேட்டா தங்க வெலையக் காட்டுறீக?" என்றார் அந்த அம்மா. "சரி, தெறந்ததுதான் தெறந்துட்டீக, கிராம் என்னன்னு சொல்லிருங்க. அது படிச்சு முடிக்கிறதுக்குள்ள வாங்க முடியுமான்னு பாக்குறேன்."

அன்று மாலை உன்னிடம் சொன்னபோது நீ முதலில் சிரித்தாய், பிறகு யோசித்தாய். திரையின் மேல் ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை வைத்தாய்: எழுதும்போது பச்சை, கட்டளை என்றால் சிவப்பு. நான் திரையையே பார்ப்பதில்லையே, பட்டை எனக்கு எதற்கு என்றேன். மறுநாள் நீ தட்டச்சுப் பள்ளிக்குப் போய், மூலையில் கிடந்த பழைய மெஷினில் வரி முடியும்போது அடிக்கும் மணியைப் பதிவு செய்துகொண்டு வந்தாய். கட்டத்தை விட்டுக் கர்சர் வெளியே வந்ததும் அந்த மணி அடிக்கும்படி செய்தாய். தமிழ் கீபோர்டு போட்டிருந்தால் மற்றவர்களுடைய எக்ஸ்டென்ஷன்கள் திணறும், 'f' என்று எதிர்பார்த்த இடத்தில் தமிழ் எழுத்து வந்தால் என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியாது. நீ எழுத்தைப் பார்க்காமல் சாவியின் இடத்தைப் பார்க்கும்படி எழுதினாய். அந்த மணியைக் கேட்கும்போதெல்லாம், என் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவன் இதைச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

பிறகு அதைப் பொதுவில் வைத்தாய். கோர்ட்டில் தட்டச்சு செய்பவர்கள், பத்திரம் எழுதுபவர்கள், என் போல் கை வலி உள்ளவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு தட்டச்சர் மணிச் சத்தத்துக்கு நன்றி சொல்லி எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாய். அதன் குறைகளும் எனக்குத் தெரியும், நான்தானே நாள் முழுவதும் அதோடு கிடக்கிறேன். சான்றின் பி.டி.எஃப். திறந்தால் உன் சாவிகள் செத்துவிடும். பிரவுசரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் செத்துவிடும். புதிதாகத் திறந்த வெற்றுப் பக்கத்தில்கூட வேலை செய்யாது. அங்கெல்லாம் பிரவுசரைச் செய்யும் அந்தப் பெரிய கம்பெனி வெளியார் நிரலை உள்ளே விடுவதில்லை. ஒரு தீபாவளிக்கு வந்த நீ, கம்பெனி விதியை மாற்றிவிட்டது என்று சொல்லி, புதுச் சட்டையைக்கூடப் போடாமல் முழுவதையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாய். உன் அப்பா, "யாரோ வீட்டு வாசப்படிய ஒசத்துனா இவன் ஏன் கால ஒடிச்சுக்கிறான்?" என்றார். அப்போதே நீ சொந்த பிரவுசர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.டி.எஃப். வந்ததும் மௌஸைத் தொட வேண்டியிருக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது வேண்டும் என்றே தோன்றியது.

போன ஆடியில் இருந்து ஒரு சின்ன விஷயம் நடந்துகொண்டிருந்தது. விரல் சாவியை அழுத்துவதற்கும் எழுத்து விழுவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து நின்றது. வேறு யாருக்கும் தெரியாது. தட்டச்சு பழகியவளுக்குத் தெரியும். தாளம் போட்டுக்கொண்டே நடப்பவனின் செருப்பில் மணல் புகுந்தது போல. நான் திரையைப் பார்ப்பதில்லை என்பதால் அதை முதலில் கண்ணால் பார்க்கவில்லை, மணியில்தான் கேட்டேன். மணி ஒரு மயிரிழை பிந்தி அடித்தது. யாரையும் எதையும் சந்தேகப்படும் நான், அந்த ஒரு விஷயத்தில் சந்தேகப்பட்டது என்னைத்தான். வயதாகிறது, விரல் மந்தமாகிறது என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னபோது, "ஒனக்கு வயசாகுதுன்னு ஒனக்குச் சொல்லத்தான் ஆளு இல்லாம இருந்துச்சு, இப்ப கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்றார். தைலம் தேய்த்துக்கொண்டேன். ஒரு பழைய தட்டச்சுப் பாடத்தை எடுத்து, கடை ஓய்வாக இருக்கும்போது விரலுக்குப் பயிற்சி கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வரவில்லை.

அன்றைய மதியச் சாப்பாட்டில் தினேஷ் பேசியதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. புதுவயலில் அரிசி மில்லில் லோடு அனுப்பிவிட்டு உன் அப்பாவும் வந்துவிட்டார். "எக்ஸ்டென்ஷன்ங்கறது வாடகை வீடுங்க," என்றான் தினேஷ். "ஓனர் நெனச்சா நாளைக்கே காலி பண்ணச் சொல்லலாம். எத்தன நாளைக்குங்க அடுத்தவன் செவுத்துல ஆணி அடிக்கறது? சொந்தமா பிரவுசர் கட்டிட்டா எந்த ரூமுக்கும் பூட்டு கெடையாது."

"முழுசும் நீங்களே கட்டுவீகளா தம்பி?" என்றார் அப்பா.

"முழுசும் கட்ட ஒரு ஊரே வேணுங்க அப்பா. உள்ள பக்கத்தக் காட்டற எஞ்சினு அந்தக் கம்பெனியோடதுதான், யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. அதுக்கு மேல நாங்க கட்டுவோம்."

"அப்ப அதுவும் அவுக மனையில வீடுதான்," என்றார் அப்பா. "பட்டா யாரு பேருல?"

நீ சிரித்தாய். தினேஷும் சிரித்தான், ஆனால் அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது: எஞ்சின் மாறினால் தன்னால் பழைய எஞ்சினிலேயே நிற்க முடியும், புதியதை எப்போது எடுப்பதென்று தானே முடிவு செய்யலாம், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலையும் தன் தலையில் விழும் என்று விளக்கினான். பொய் சொல்கிறவன் தன் பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டான். அதை நான் கவனித்தேன். அவன் கெட்டவன் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. கெட்டவனாக இருந்திருந்தால் உன்னை அவனிடமிருந்து காப்பாற்றுவது என்ற வேலை எனக்குக் கிடைத்திருக்கும். நான் மோர் ஊற்றிக்கொண்டே, பேக்ஸ்பேஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

முருகேசனை உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் மில்லில் லாரி ஓட்டியவன், உனக்குப் பலாச்சுளை வாங்கி வருவான். முதலாளி லாரிகளில் ஜி.பி.எஸ். வைத்தார். டீசல் திருட்டைத் தடுக்க என்று சொன்னார், உண்மையும் அதுதான். ஒருநாள் மில் வாசலில் முருகேசனைப் பார்த்து முதலாளி மிகவும் பிரியமாக, "என்னப்பா, வலையபட்டியில தங்கச்சி நல்லா இருக்கா?" என்று கேட்டார். அவன் தங்கச்சி வீட்டில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதை யாரிடமும் சொன்னதில்லை. தங்கச்சி அந்தப் பக்கம் கட்டிக்கொண்டது வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம், மற்றவர்கள் யாரும் போவதில்லை. முதலாளி திட்டவில்லை, சம்பளத்தைப் பிடிக்கவில்லை. நலம் விசாரித்தார், அவ்வளவுதான். முருகேசன் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். "நல்ல வார்த்தைதானேப்பா கேட்டாரு" என்று உன் அப்பா வீடுவரை போய்ச் சொன்னார். "திட்டியிருந்தா இருந்திருப்பேண்ணே," என்றானாம். நீ அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். அவன் செய்தது பைத்தியக்காரத்தனம் என்றாய். எனக்கும் அப்போது முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். தினேஷ் என்னைப் பாராட்டியபோது புரிந்தது.

உங்களை ரயிலேற்றிவிட்டு நேரே கடைக்கு வந்தேன். நீ எக்ஸ்டென்ஷன் எழுதிய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தில் எந்த முகவரிக்கு என்ன போகிறது என்று காட்டும் ஓர் இடம் பிரவுசரிலேயே உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பெயரில் ஒரு வெற்று விண்ணப்பத்தைத் தட்டினேன். கர்சரை வெளியே விட்டேன். மணி அடித்தது. அதே நொடியில் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு ஒரு சின்னப் பொட்டலம் போனது. திரும்பச் செய்தேன், திரும்பப் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான் தட்டிய எழுத்துகள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் மேல் அநியாயமாக ஒன்று வரக்கூடாது. எத்தனை சாவிகள், எத்தனை பேக்ஸ்பேஸ், எந்த இணையதளம், எவ்வளவு நேரம், எந்தக் கணினி, இவ்வளவுதான் இருந்தது. உன் அறிவிப்புப் பக்கத்தில் எதையும் சேகரிப்பதில்லை என்று நீ எழுதிய வரி அப்படியே இருந்தது. அதையும் போய்ப் பார்த்தேன்.

எண்ணிக்கைதானே அம்மா, ஆட்கள் கீபோர்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் நல்ல பிரவுசர் எப்படிச் செய்வது என்று நீ கேட்பாய். கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். என் மேஜையில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும், நீ வளர்ந்ததே அங்கேதான். கூடப்பிறந்தவர்களிடம் சொல்லாததை இங்கே வந்து சொல்கிறார்கள், ஏனென்றால் சொல்லாமல் விண்ணப்பம் போட முடியாது. இந்த மாதம் ஒரு பெண் வந்தாள். மில்லில் வேலை பார்ப்பவள். நாற்காலியில் உட்காரும் முன்பே, "அக்கா, இந்தத் திரையக் கொஞ்சம் அங்குட்டுத் திருப்பி வைக்கிறீகளா? ரோட்டுல போறவுக பாத்துறப் போறாக," என்றாள். வேறு ஊரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம். ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் ரவிக்கைக் கையை முழங்கை வரை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். "எத்தன நாள்ல தெரியும்? அதுவரைக்கும் யாருக்கும் தெரியாதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டாள். தெரியாது என்றேன். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் தட்டினேன், மணி அடித்தது, பொட்டலம் போயிருக்கிறது. இந்தக் கடை, இந்த நேரம், இந்த விடுதியின் பக்கம். அந்த நேரத்தில் அவள் என் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்த ஒருவன் இருந்தால், மிச்சம் அவனுக்குத் தேவையே இல்லை. அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கப் போவதில்லை என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் நான் அவளிடம் தெரியாது என்று சொன்னேன். என் வாயாலேயே நீ பொய் சொல்ல வைத்திருக்கிறாய்.

அந்தப் பெரிய கம்பெனி பார்ப்பதில்லையா என்ற கேள்வியும் உன்னிடம் தயாராக இருக்கும். பார்க்கும். அதன் மேல் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. எதை அணைத்து வைக்க முடியுமோ அதையெல்லாம் அணைத்துவிட்டு, மிச்சத்துக்குச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் வேலை செய்கிறேன். அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வேலை செய்ய எனக்குப் பழக்கமில்லை. உன் எக்ஸ்டென்ஷனைப் போட்ட நாளில் பிரவுசர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதை அனுமதிக்கிறீர்களா? விடுதி விதிமுறையின் ஒவ்வொரு வரியையும் படித்தவள், அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். ஆம் என்று அழுத்தினேன். அந்த ஒரு ஆம்தான் இத்தனை நாளும் செல்லுபடியாகி வந்திருக்கிறது.

அதனால்தான் சொந்த வீடு என்று தினேஷ் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. வாடகை வீட்டில் குடியிருப்பவனை உள்ளே விடும்போது வீட்டுக்காரன் ஒரு முறையாவது என்னிடம் கேட்டான். பயனில்லாத கேள்வியாக இருந்தாலும் கேட்டான். நீங்களே கட்டும் பிரவுசரில் அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருப்பார்கள்? எந்த அறைக்கும் பூட்டு கிடையாது என்று அவன் பெருமையாகச் சொன்னான். பி.டி.எஃப். பக்கத்தில் என் சாவிகள் வேலை செய்யும் என்பது அதன் ஒரு பாதி. எக்ஸ்டென்ஷன் நுழைய முடியாத இடங்களில் எல்லாம் நீங்கள் இருவரும் இருப்பீர்கள் என்பது மறு பாதி. எக்ஸ்டென்ஷன், சொந்த பிரவுசர் இரண்டில் எது சுலபம், எது நிலைக்கும் என்று நீங்கள் இருவரும் சாப்பிட்டு முடியும்வரை விவாதித்தீர்கள். எனக்கு அந்த விவாதமே வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்டு இருந்தபோதே சொல்லாமல் எடுத்தவர்கள், முழுவதும் கையில் வந்தபின் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

பொட்டலம் அனுப்பும் அந்த நிரல் வரிகளை எழுதியது தினேஷாக இருக்கும் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவன் வற்புறுத்தியிருப்பான், நீ மறுத்திருப்பாய், கடைசியில் சரி என்றிருப்பாய் என்று ஒரு கதையே கட்டினேன். பிறகு யோசித்தேன். பொட்டலம் போவது கர்சர் கட்டத்தை விட்டு வெளியே வரும் அந்த நொடியில், மணி அடிக்கும் இடத்தில். அந்த மணி எந்த வரியில் அடிக்கிறது என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்காக வைத்த மணிக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க வேறு ஒருவனுக்குத் தோன்றியிருக்காது. இது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நான் தவறாக நினைத்திருந்தால் சொல்.

உன்னிடம் நான் கேட்பது பெரிதில்லை. தினேஷை விட்டுவிடு என்றோ, பழைய வேலைக்குத் திரும்பு என்றோ கேட்கவில்லை. பிரவுசர் கட்டுவாயோ, எக்ஸ்டென்ஷனோடு நிற்பாயோ, அது உன் உழைப்பு. எதைச் செய்தாலும், ஆடியில் இருந்து என்ன எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், அழித்துவிட்டீர்களா என்று அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் உன் பெயரில் நேராகச் சொல். கோர்ட் தட்டச்சரிடமும் சொல், மணிக்கு நன்றி சொன்னவரிடமும் சொல். பாதிப் பேர் போய்விடுவார்கள், அது எனக்கும் தெரியும். புதிய பிரவுசருக்கு அவர்களைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். மீதிப் பேர் இருப்பார்கள். முருகேசனிடம் முதலாளி, வண்டியில் இப்படி ஒன்றை வைத்திருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவன் தங்கச்சி வீட்டுக்கு நடந்தாவது போயிருப்பான், வேலையை விட்டிருக்க மாட்டான்.

நீ என்னிடம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நான் பார்த்துவிட்டேன்.

எக்ஸ்டென்ஷனைக் கடையின் முதல் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் வேலை எதுவும் நடக்காத இரண்டாவது கணினியில் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். இதைப் பொதுவில் வைத்த சில நாட்களில் அதற்குப் புதிய பதிப்பு வந்தது, அதனால் இந்த வரிகளைச் சேர்க்கிறேன். தட்டிப் பார்த்தேன். மணி சரியான நேரத்தில் அடித்தது. அந்த முகவரிக்கு எதுவும் போகவில்லை. இந்தப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதும் இடத்தில், 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று இருந்தது. மில் பெண்ணுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு வந்த கடிதத்தை முதல் கணினியில், மௌஸை இடது கையில் பிடித்து அச்செடுத்துக் கொடுத்தேன்.